மச்சான் இல்லாத லிஃப்ட்

அத்தியாயம் நான்கு

மெயின் சுவிட்சைக் கீழே இழுத்ததும் அந்தக் கட்டடத்தின் மூச்சு நின்றது. கீழ்த்தளத்து அச்சு எந்திரங்கள் ஒரு முனகலோடு அடங்கின. முதல் மாடியில், பைண்டிங் கூடத்தின் விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் மட்டும் சேதி எட்டாதவை போல இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. சாப்பாட்டு நேரத்தில் மெயின் ஆஃப் என்பது அங்கே மேனேஜர் வைத்த சட்டம். ஆட்கள் எல்லாரும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு இறங்கிப் போயிருந்தார்கள்.

நட்டநடுப் பகலிலும் கூடம் இருட்டாக இருந்தது. வெயில் பட்டால் காகிதம் மஞ்சளாகிவிடும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பசையின் புளித்த வாடை. வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிக் காயவைத்த புத்தகங்கள், மேலே பலகை, பலகைமேல் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பாரம்: தாள் சுற்றிய செங்கல், உடைந்த பல்சக்கரம், சாக்கு போர்த்திய இரும்பு, பழைய இஸ்திரிப் பெட்டி.

லிஃப்ட் கூண்டின் மடக்குக் கதவுக்கு முன்னால் மீட்டர்காரர் நின்றுகொண்டிருந்தார். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுத்தவர். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியப் போன பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. பக்கத்தில் டார்ச்சோடு நின்றவன் அவருடைய மனைவியின் தம்பி. மனைவி போய்விட்டாள். தம்பி போகவில்லை. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், மற்ற எல்லாவற்றையும் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு அவருடைய வீட்டிலேயே தங்கிவிட்டான்.

"அத்தான், கயிறு ஆடுது" என்றான்.

டார்ச் வெளிச்சத்தில், எண்ணெய் பிடித்த இரும்புக் கயிறுகள் சன்னமாக நடுங்கின. பிறகு நகர்ந்தன. கதவின் கம்பிகளுக்கு அப்பால் சும்மா நின்றிருந்த லிஃப்ட், யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடப்பதுபோல, மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. மோட்டார் சத்தம் கிடையாது. கயிறு உரசும் சத்தம் மட்டும். லிஃப்டின் அடிப்பாகம் கண்ணுக்கு மேலே போனது. அது நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம் வாயைத் திறந்தது.

கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒரே ஒரு தடவை மணி அடித்தது.

மைத்துனன் டார்ச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. ஆனா அதுக்கு என் மேல நம்பிக்கை இருந்தா நான் என்ன பண்றது?"

மீட்டர்காரர் அந்த மணியோசை அடங்கும் வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த லிஃப்டை ஓட்டியவர் அதே பள்ளத்தில் விழுந்து இறந்தவர். அவருடைய மனைவி இதே கூடத்தில் அட்டை ஒட்டுபவள். எல்லாருக்கும் அட்டைக்காரம்மா. முந்தாநாள் மீட்டர்காரரின் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொண்டு வந்த கேள்வியை எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் விழுந்தாரா, குதித்தாரா? அது தெரிந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

குதித்தார் என்பது மேனேஜரின் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் லிஃப்ட் அசையாது. அப்படியானால் லிஃப்ட் முன்பே மேல்மாடியில்தான் நின்றிருக்க வேண்டும். இத்தனை வருஷம் அதே வேலை பார்த்தவருக்கு லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாதா? தெரிந்தே கதவைத் திறந்திருக்கிறார். மேனேஜர் அதை மிக மென்மையாகச் சொன்னார், கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே. அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்த சண்டையைக் கூடமே கேட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார். கேட்காமல் இருக்க முடியாது. எந்திரங்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து லிஃப்ட்காரருக்குக் காது மந்தம். அவரோடு கொஞ்சுவதானாலும் கத்தித்தான் கொஞ்ச வேண்டும்.

சண்டை எதற்கு என்று அட்டைக்காரம்மாவுக்கே சரியாக நினைவில்லை. ஆனால் தான் கடைசியாகச் சொன்னது நினைவிருந்தது. நீ இல்லாவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன் என்று சொல்லியிருந்தாள். அது அவருக்குக் கேட்டதா கேட்கவில்லையா என்பதுதான் அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடாத விஷயம்.

மீட்டர்காரருக்கு அந்த மாதிரித் தூக்கமின்மை பழக்கம்தான். கடைசி நாளின் காலையைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்ப்பதும், பார்த்துவிட்டு அதே மடிப்பில் மடித்து வைப்பதும் எப்படி என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் ஆறுதல் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டார். அன்றைக்கு மணி அடித்ததா?

அடித்தது என்றாள் அவள். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டது. கோபத்தில் சாப்பிடாமல் மேல்மாடிக்குப் போய் மணியைத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். போய்க் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம்.

அன்றிலிருந்து வேலை அதிகமான நாட்களில் எல்லாம், சாப்பாட்டு நேரத்தில், ஆளும் கரண்டும் இல்லாமல் லிஃப்ட் மேலே போகிறது, மணி அடிக்கிறது. அவர்தான் வந்து போகிறார் என்று ஆட்கள் ஒதுங்கிவிட்டார்கள். சரக்கை லிஃப்டுக்குள் தள்ளுவதோடு சரி, யாரும் ஏறுவதில்லை. நாளைக் காலையில் அதைப் பிரித்துப் போட ஆள் வருகிறது. மேனேஜர் ஏற்பாடு. பிரித்துவிட்டால் அவளுடைய கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் எதுவும் மிச்சம் இருக்காது.

"மாப்ளே, பேய்னு சொன்னியே. ஒண்ணு யோசிச்சியா?" என்றார் மீட்டர்காரர். "அன்னிக்கு மணி அடிச்சப்போ அவர் உயிரோட இருந்தார். விழுந்தது அதுக்கப்புறம். செத்தவர்தான் மணி அடிக்கிறார்னா, முதல் மணியை யாரு அடிச்சது?"

மைத்துனன் யோசித்தான். "ஒத்திகையா இருக்கும்" என்றான். ஆனால் குரலில் பழைய நடுக்கம் இல்லை.

இருவரும் படியேறி, மேல்மாடிக் காகிதக் கிடங்கைத் தாண்டி, ஓர் இரும்பு ஏணி வழியாக லிஃப்டின் எந்திர அறைக்குள் நுழைந்தார்கள். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அறை. நடுவில் மோட்டார். அதன் தண்டில் பானை அளவுக்கு ஓர் இரும்பு உருளை, இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கட்டைகள். அதுதான் பிரேக். அப்பால் பெரிய சக்கரம். அதன்மேல் கயிறுகள் ஏறி, ஒரு பக்கம் லிஃப்டுக்கும் மறுபக்கம் சுவரோரம் தொங்கும் இரும்புப் பாளங்களுக்கும் இறங்கின. காற்றில் லேசாகத் தீய்ந்த வாசனை.

மீட்டர்காரர் மோட்டாரின் மேல் கையை வைத்தார். வெதுவெதுப்பு. காலை முழுக்க உழைத்த உடம்பின் சூடு. பிறகு மைத்துனனைப் பார்த்து, உருளையைத் தொடச் சொன்னார். அவன் தொட்டுவிட்டு விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டான்.

"பேய்க்குக் காய்ச்சல்" என்றான் விரலோடு.

"மோட்டார் வெதுவெதுங்குது, பிரேக் கொதிக்குது. கரண்ட் நின்ன பிறகு இங்கே வேலை செஞ்சது யாரு?"

மீட்டர் பார்த்த காலத்தில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இவ்வளவு கரண்ட் நாங்கள் செலவழிக்கவே இல்லை என்று எந்த வீட்டில் சொன்னாலும் அவர் வாதாட மாட்டார். வீட்டுக்குள் நடந்து போவார். மீட்டர் சுற்றியிருந்தால், உள்ளே எங்கோ ஏதோ ஒன்று சூடாகியிருக்க வேண்டும், அல்லது சுழன்றிருக்க வேண்டும், வெளிச்சம் தந்திருக்க வேண்டும், சத்தம் போட்டிருக்க வேண்டும். வந்தது காணாமல் போகாது. வேஷம் மாற்றிக்கொண்டு வேறொரு மூலையில் நிற்கும். அந்த மூலையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. சூட்டைக் கண்டால் அவர் இரண்டு பக்கமும் போவார்: இது இனி என்னவாகப் போகிறது, இதற்கு முன் என்னவாக இருந்தது?

இந்தச் சூடு முன்பு ஓட்டமாக இருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடேறுவதுபோல, கட்டைகள் கவ்விப் பிடிக்க, பிடிக்குள்ளேயே உருளை வழுக்கிச் சுற்றியிருக்கிறது. ஓட்டத்துக்கு முன்னால்? மீட்டர்காரர் டார்ச்சை வாங்கிச் சுவரோரம் அடித்தார். சற்று முன்பு உயரத்தில் தொங்கியிருக்க வேண்டிய இரும்புப் பாளங்கள் இப்போது அடியில் கிடந்தன.

லிஃப்டைவிட அந்தப் பாளங்கள் கனம். பாதிச் சரக்கு ஏற்றினால் இரண்டும் சமமாகும்படி அப்படித்தான் வைப்பார்கள், மோட்டாருக்குச் சிரமம் குறையட்டும் என்று. காலியான லிஃப்டை மோட்டார் கீழே இறக்கும்போதெல்லாம் பாளங்கள் மேலே ஏறும். கரண்டாக உள்ளே வந்தது உயரமாக மாறி, அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். மெயினை அணைத்தால் விளக்கு அணையும். அந்த உயரம் அணையாது. பிரேக் விட்டதும் அது தன் வேலையைக் காட்டும். பாளம் இறங்கும், லிஃப்ட் ஏறும், ஏறுகிற லிஃப்ட் மேல்மாடியில் ஒரு நெம்புகோலைத் தட்டும், அது மணியை அடிக்கும்.

"அப்போ கரண்ட் இல்லாம லிஃப்ட் அசையாதுன்னு மேனேஜர் சொன்னது?"

"மேனேஜருக்கு அது தெரியாம இருக்கலாம்" என்றார் மீட்டர்காரர். "தெரிஞ்சும் இருக்கலாம்."

தெரியுமா தெரியாதா என்று பார்க்க அவர் சுற்றி வளைக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு மெயினைப் போடச் சொன்னார். மைத்துனனை மேல்மாடியில் லிஃப்டுக்குள் ஏற்றி முதல் மாடிக்கு இறக்கச் சொன்னார். உள்ளே 'ஆட்கள் ஏறக் கூடாது' என்று எழுதியிருந்தது. மைத்துனன் அதைச் சுட்டிக்காட்டி, தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று வாதாடிப் பார்த்தான். நீ ஆள் கணக்கில் வர மாட்டாய் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

லிஃப்ட் வந்து முதல் மாடியில் நின்றது. உள்ளே மைத்துனன், கல்யாண போட்டோவுக்கு நிற்பவனைப் போல விறைப்பாக. மேனேஜர் மறுபடியும் மெயினை இழுத்தார். இருட்டு. விசிறிகள் தளர்ந்து ஓய்ந்தன.

எதுவும் நடக்கவில்லை. லிஃப்ட் அசையவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர், அதே மென்மையோடு. "நான்தான் சொன்னேனே. எல்லாம் ஆட்கள் கட்டிவிட்ட கதை."

மைத்துனனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "என்னைப் பார்த்து அது பயந்துடுச்சு, அத்தான். நான் இறங்கட்டுமா?"

மடக்குக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். அப்போதுதான் மேனேஜர் சட்டென்று கையை நீட்டினார். குரல் மென்மையை விட்டு நழுவியிருந்தது.

"தம்பி, சும்மா இறங்காதே. எதையாவது உள்ள வச்சுட்டு இறங்கு."

சொல்லி முடித்ததும் மேனேஜர் கைக்குட்டையைத் தேடினார். அது அவருடைய கையிலேயே இருந்தது.

"எதை வைக்கணும், சார்?" என்றார் மீட்டர்காரர்.

பதில் வராததால் மைத்துனன் இறங்கினான். அவனுடைய இரண்டாவது கால் தரையில் பட்டதும் லிஃப்ட் நடுங்கியது. பிறகு, முன்பு போலவே, பெருமூச்சு மாதிரி ஓர் உரசலோடு மேலே ஏறிப் போனது. மணி அடித்தது. மேனேஜர் பக்கத்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னவற்றை மீட்டர்காரர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார். பிரேக் கட்டைகள் தேய்ந்து வெகு காலம் ஆகிறது. மெக்கானிக் சொன்னார், லிஃப்ட்காரரும் சொன்னார். மாற்றுவதானால் லிஃப்டைப் பல நாள் நிறுத்த வேண்டும். லிஃப்ட் நின்றால் காகிதம் மேலே ஏறாது. காலையில் குளிர்ந்த பிரேக் பிடிக்கும். வேலை ஏற ஏற, சூட்டில் அதன் பிடி தளரும். மதியத்தில் காலி லிஃப்டை அதனால் தாங்க முடியாது. லிஃப்ட்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய அச்சு எந்திரத்தின் ஓர் இரும்புத் துண்டை உள்ளே போட்டு வைத்தார். பாளத்தின் இழுப்பில் அந்த அளவு குறைந்தது, மீதியைப் பிரேக் சமாளித்தது. அவர் அதன்மேல்தான் உட்காருவார். அதற்கு மச்சான் என்று பேர் வைத்திருந்தார். மச்சான் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும், எழுந்தால்தான் அருமை புரியும் என்பாராம். எல்லாரும் அதை அவருடைய ஸ்டூல் என்று நினைத்தார்கள். பிரேக் விஷயம் வெளியே தெரிந்தால் ஆட்கள் வேலைக்கு மறுப்பார்கள் என்பதால், வாயைத் திறக்கக் கூடாது என்று மேனேஜர் அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். வீட்டில்கூட.

"அன்னிக்கு அது உள்ள இல்ல" என்றார் மேனேஜர். "யார் எடுத்தாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"அதைத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி, ஒரு மனுஷன் தானா குதிச்சான்னு சொல்றது உங்களுக்குச் சுலபமா இருந்துச்சு."

நாளைக் காலை வர வேண்டியவர்களை வரக் கூடாது என்று இப்போதே சொல்லும்படியும், சொல்லிவிட்டுக் கீழே காத்திருக்கும்படியும் மீட்டர்காரர் அவரிடம் கேட்டுக்கொண்டார். போலீசுக்கு இந்த லிஃப்ட் பிரேக்கோடு முழுசாக வேண்டும். மேனேஜர் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். மறுபடியும் எதையாவது உளறிவிடுவோமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

"இனி அந்தம்மாவைக் கூப்பிடு" என்றார் மீட்டர்காரர்.

அட்டைக்காரம்மா படியேறி வந்து கூடத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்றைக்குப் பிறகு இந்த மாடிக்கு அவள் வரவில்லை. மைத்துனன் அவளுக்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு, "பார்த்து வாங்கக்கா" என்று மட்டும் சொன்னான். அவனிடமிருந்து அவ்வளவு சுருக்கமான வாக்கியம் வந்து வெகு நாளாகியிருந்தது.

மீட்டர்காரர் அவளை லிஃப்ட் பக்கம் கூட்டிப் போகவில்லை. சுவரோரம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு தள்ளுவண்டியிடம் அழைத்துப் போனார். கட்டிய புத்தகக் கட்டுகள் அதில் அடுக்கியபடியே இருந்தன. அது செத்தவர் கை வைத்த வண்டி என்று யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. ஒரு பக்கத்துச் சக்கரத்தின் இரும்பு விளிம்பு நசுங்கியிருந்தது. லிஃப்ட் வாசற்படியின் விளிம்பிலும் அதே அகலத்துக்குப் புதிதாக ஒரு வெட்டு.

"இந்தக் கட்டு யாரோடதுன்னு சொல்ல முடியுமா?"

அவள் குனிந்து பார்த்தாள். முதுகில் அட்டை மடிந்த விதத்தை விரலால் தடவினாள். "என் மேசையோடது. அன்னிக்குக் காலையில ஒட்டினது. நான் கட்டாம விட்டுட்டுச் சாப்பிடப் போனேன்." விரல் கயிற்றுக்கு நகர்ந்தது. "இது அவர் போடற முடிச்சு."

அவர் சாப்பிடாமல் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த வண்டியில் இருந்தது. எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவளுடைய மேசைக்கு வந்து, அவள் பாதியில் விட்ட கட்டுகளைக் கட்டி, வண்டியில் அடுக்கி, கரண்ட் வந்ததும் முதல் நடையிலேயே போகட்டும் என்று லிஃப்டுக்கு இழுத்திருக்கிறார். அவள் அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பாரவண்டியைத் தள்ளினால் கட்டுகள் முன்னால் சரியும். அதனால் அங்கே எல்லாரும் வண்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் நடப்பார்கள். அவர் கையைப் பின்னால் விட்டுக் கதவைத் திறந்து, பழக்கத்தில், பின்பக்கமாகவே உள்ளே காலை வைத்தார். லிஃப்ட் அப்போது மேலே போயிருந்தது. மணி மற்றவர்களுக்காக அவரே மாட்டியது. அவருக்கு அது கேட்காது.

"சாகப் போறவர் பாரவண்டியை இழுத்துட்டுப் போக மாட்டார், அம்மா" என்றார் மீட்டர்காரர். "அவர் குதிக்கல."

அவள் அழவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நெடுந்தூரம் சுமந்ததை இறக்கியவள்போல ஒரு மூச்சு விட்டாள். சண்டை போட்டுவிட்டு என் வேலையைச் செய்திருக்கிறார், பாதி கேட்டிருக்காது, நல்ல காலம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அத்துடன் முடிந்திருக்கலாம். முடியட்டும் என்றுதான் மீட்டர்காரர் நினைத்தார். அதனால்தான் கூடத்துக்குள் வந்த முதல் நிமிஷத்தில் பார்த்த ஒன்றை, மேனேஜர் பேசி முடித்த பிறகு மறுபடியும் பார்த்துப் புரிந்துகொண்ட ஒன்றை, அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆனால் அவள் லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்றாள். மெயினைப் போட்டு, மைத்துனனை உள்ளே வைத்து இறக்கினார்கள். மஞ்சள் விளக்கில் அதன் தரை தெரிந்தது. எல்லா இடத்திலும் காகிதத் தூசி. ஒரு மூலையில் மட்டும் சதுரமாகச் சுத்தம். அந்தச் சதுரத்தின் நான்கு முனைகளிலும் துருப்பிடித்த நான்கு புள்ளிகள்.

"அவர் உட்கார்ற இரும்போட தடம்" என்றாள். "அதை ஏன் ரெண்டு பேரும் பார்க்கறீங்க?"

மைத்துனன் வாயைத் திறந்தான். ஒரு வேடிக்கைப் பேச்சு வரும் என்று மீட்டர்காரர் முதல் தடவையாக ஆசைப்பட்டார். வரவில்லை. அவரே சொல்ல வேண்டியதாயிற்று. பிரேக் பாதி, அந்த இரும்பு பாதி, இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தன என்று முடிந்தவரை சுருக்கமாகச் சொன்னார்.

அவள் திரும்பி நடந்தாள். வரிசையில் தன்னுடைய மேசைக்குப் போனாள். ஒட்டிய புத்தகங்கள், மேலே பலகை, பலகைமேல் சாக்கு போர்த்திய இரும்பு. சாக்கை விலக்கினாள். நான்கு குட்டைக் கால்கள் உள்ள, மேற்புறம் தேய்ந்து வழவழப்பான இரும்பு.

"யார் எடுத்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

"நீங்க கேட்டது அவர் குதிச்சாரான்னு. அதுக்குப் பதில் சொல்லிட்டேன்."

"நான்தான் எடுத்தேன். அவர் கை கழுவப் போனப்போ. அன்னிக்கு முழுக்க நிக்கட்டும்னு." அவள் இரும்பைப் பார்த்தே பேசினாள். "ரெண்டு கையால அணைச்சுத் தூக்கிட்டு வந்தேன். கோபத்துல கனமே தெரியல."

மீட்டர்காரர் சூடாகவும் ஓட்டமாகவும் உயரமாகவும் வேஷம் மாறி மாறி வந்ததை ஒவ்வொரு மூலையாகத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார். கடைசி மூலையில் ஒரு பெண்ணின் இரண்டு கைகள் இருந்தன. அதற்கு முன்னால் ஒரு காலை நேரம். அதற்கும் முன்னால், காது கேட்காத ஒருவரோடு உரக்கப் பேசிப் பேசிப் பழகிய ஒரு குரல்.

"உங்ககிட்ட யாரும் சொல்லல" என்றார். "சொல்லக் கூடாதுன்னு அவர் வாயைக் கட்டினவர் கீழ உட்கார்ந்திருக்கார்."

அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? நான் எடுத்துட்டேன்னு?"

"தெரிஞ்சிருந்தா பின்பக்கமா நடந்து போயிருக்க மாட்டார்."

அவள் பிறகு குனிந்து இரும்பைத் தூக்கினாள். இந்தத் தடவை கனம் தெரிந்தது. மேசையிலிருந்து எடுக்கும்போதே முழங்கால் மடிந்தது. மைத்துனன் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தான். "நானும் மச்சான்தான்கா" என்றான். "நான் பிடிக்கறேன்."

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய், அந்த நான்கு துருப்புள்ளிகளின்மேல் நான்கு கால்களையும் இறக்கினார்கள். அவள் சாக்கை நான்காக மடித்து அதன்மேல் விரித்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

மெயினை அணைக்கலாமா என்று அவளே கேட்டாள். மீட்டர்காரர் போய் இழுத்தார். விளக்குகள் போயின. விசிறிகள் தயங்கித் தயங்கி நின்றன. பின்கட்டிலிருந்து டப்பா மூடும் சத்தங்கள் வந்து, அவையும் ஓய்ந்தன.

மூன்று பேரும் கதவுக்கு முன்னால் இருட்டில் காத்திருந்தார்கள். கயிறு அசையவில்லை. லிஃப்ட் நின்ற இடத்திலேயே நின்றது.

மணி அடிக்கவில்லை. ஒரு தடவை அடித்தால்தான் என்ன என்று மூன்று பேருக்குமே தோன்றியது.